எல்லாச் சொல்லும் தெரியும், ஆனால் பிடிபடவில்லை: கட்டுரை வாசிப்பில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கோத்தகிரிக்குப் பக்கத்து ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். குரூப் தேர்வுக்குத் தயாராகும் பெரிய பிள்ளைகள் பின் பெஞ்சில் இருப்பார்கள். நடுவே, "டீச்சர், இந்த நோட்டீஸைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று யாராவது வாசலில் நிற்பார்கள். கதையும் கவிதையும் இங்கே பாடமில்லை. செய்தி, அறிக்கை, துண்டறிக்கை, ஊர் வரலாறு, வானிலை அறிவிப்பு, இவ்வளவுதான்.

பாதிப் பிள்ளைகள் வீட்டில் படுகு, அதாவது படுகர்களின் மொழி, பேசுகிறவர்கள். இன்னும் சிலரின் தாத்தா பாட்டி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். யாராக இருந்தாலும் வரும் கோளாறுகள் ஏழெட்டுதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், நாள் பிடிக்கும் காரணம் அடுத்து, நம்மால் ஆகாதது கடைசியில். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நானே வகுப்புக்காக எழுதியவை.

எதற்கும் முன்னால்: தாளைப் பாருங்கள்

தாள் முழுசாக இருக்கிறதா? தேதி இருக்கிறதா? எழுதியது யார்? ஒருமுறை மழை நாளில், "நாளை நீலகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை" என்று ஒரு படம் எல்லார் போனுக்கும் வந்தது. வகுப்பே கொண்டாடியது. மேல் ஓரம் வெட்டப்பட்டிருந்த படம் அது. போன வருஷத்து அறிவிப்பு. 'நாளை' என்பது எந்த நாளுக்கு அடுத்த நாள் என்று கேட்டிருந்தால் போதும். மறுநாள் சீருடையில்லாமல் கடைத்தெருவில் நின்ற இரண்டு பேர் தலைமையாசிரியரிடம் மாட்டினார்கள்.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். கோளாறுகளில் நல்ல பங்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அறிகுறி 1: "எல்லாச் சொல்லும் தெரியும் டீச்சர், ஆனா என்ன சொல்லுதுன்னு தெரியல"

*முதல் காரணம்: வாக்கியம் நீளம், வினை கடைசியில்.* இதைப் படியுங்கள்:

"1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை திறக்கப்பட்டு, 1908-இல் ஊட்டி வரை நீட்டிக்கப்பட்டு, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட, 46 கிலோமீட்டர் நீளமுள்ள மலை ரயில் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் பொருத்தப்பட்டுள்ளது."

இது எதைப் பற்றிய வாக்கியம் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "யுனெஸ்கோ" என்பார்கள். மீதி இரண்டு பேர் "1899" என்பார்கள்.

செய்ய வேண்டியது: கடைசியிலிருந்து தொடங்குங்கள். 'பொருத்தப்பட்டுள்ளது'. எது? பற்சட்டம், அதாவது பல் வைத்த இரும்புச் சட்டம். எங்கே? கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே. அவ்வளவுதான் செய்தி. முன்னால் உள்ள ஆண்டுகள் எல்லாம் 'பாதை' என்ற ஒரே ஆணியில் மாட்டிய சட்டைகள். பென்சிலால் முற்றுவினைக்கு வட்டம், அதன் எழுவாய்க்கு ஒரு கோடு, மற்றதற்கு அடைப்புக்குறி. மூன்று நாள் செய்தால் பென்சில் இல்லாமலே கண் அங்கே போகும்.

*அடுத்த காரணம்: 'இது', 'அவை', 'மேற்கண்ட' ஆகியவை எதைக் குறிக்கின்றன என்று பார்க்காமல் தாண்டுவது.* ஒவ்வொன்றின் மேலும் அது குறிக்கும் பெயரைச் சின்னதாக எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத இடம்தான் விட்டுப்போன இடம்.

*நாள் பிடிக்கும் காரணம்: எழுத்துத் தமிழ் பழகாதது.* இதற்குக் குறுக்கு வழி கிடையாது. தினம் ஒரு செய்தியைச் சத்தமாக வாசித்துவிட்டு, தாளை மூடி, வீட்டில் பேசுகிற மொழியில் சொல்லச் சொல்வேன். படுகில் சொன்னாலும் சரி. வீட்டு மொழியில் சொல்ல வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அறிகுறி 2: பத்தியில் இல்லாததை 'ஊகம்' என்று எழுதுவது

இதுதான் அடிக்கடி வருவது, சரிசெய்ய அதிக நேரம் பிடிப்பதும் இதுதான். மதிப்பெண் இங்கேதான் போகிறது.

மேலே உள்ள ரயில் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'இதிலிருந்து நீ உய்த்துணர்வது என்ன?' என்று கேட்டேன். வந்த விடைகளில் மூன்று:

ஒன்று, "1908-க்கு முன்னாடி யாரும் ஊட்டிக்குப் போக முடியாது."
இரண்டு, "கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் ஏற்றம் கடுமையாக இருக்கும்."
மூன்று, "குன்னூருக்கு மேல் ஏற்றமே கிடையாது."

*விரல் சோதனை.* விடை சொன்னவர், அதற்கு ஆதாரமான சொல்லின் மேல் விரல் வைக்க வேண்டும். அப்புறம், அந்தச் சொல்லிலிருந்து விடைக்கு வர வெளியிலிருந்து எத்தனை செய்தி சேர்த்தார் என்று மற்றக் கை விரலில் எண்ண வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தி என்றால் ஊகம். இரண்டு மூன்று என்று போனால் கதை.

முதல் விடைக்கு விரல் '1908' மேல் போனது. ஆனால் '1908-இல் ரயில் வந்தது' என்பதிலிருந்து 'அதற்கு முன் போக்குவரத்தே இல்லை' என்பதற்குப் போக, 'ரயிலைத் தவிர வேறு வழி இல்லை' என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது பத்தியில் இல்லை, உண்மையும் இல்லை. ரயிலுக்கு வெகு காலம் முன்பே சாலை வழியாக மாட்டு வண்டியிலும் குதிரையிலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாவதில் விரல் 'பற்சட்டம்', 'இடையே' இரண்டின் மேலும் நின்றது. வெளியிலிருந்து சேர்த்தது ஒன்று: சறுக்கும் ஏற்றத்தில் பிடிப்புக்காகத்தான் பல் வைப்பார்கள். சரியான ஊகம். அங்கே சில இடங்களில் 12 அடி போனால் ஏறத்தாழ ஓர் அடி ஏற்றம்.

மூன்றாவது, இரண்டாவதின் தம்பி போலத் தெரியும். ஆனால் 'கடுமை குறைவு' என்பதை 'ஏற்றமே இல்லை' என்று இழுத்துவிட்டது. இந்த வகைத் தப்புக்குத் தனிச் சோதனை வேண்டும்: விடையில் உள்ள 'யாரும்', '-ஏ', 'எல்லாம்', 'எப்போதும்' ஆகியவற்றின் மேல் கோடு போடுங்கள். பத்தியிலும் அதே அளவு அழுத்தம் இருக்கிறதா? இல்லையென்றால் 'இருக்கும்' என்பதை 'இருக்கலாம்' என்று மாற்றுங்கள். பாதி விடைகள் இந்த ஒரு மாற்றத்திலேயே தேறிவிடும்.

*நாள் பிடிக்கும் காரணம்: சொந்த அனுபவம் குறுக்கே நிற்பது.* சீகூர் யானை வழித்தடம் பற்றி உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, அதைப் பற்றி ஒரு பத்தி கொடுத்தேன். கட்டுரையாளரின் நிலைப்பாடு என்ன என்பது கேள்வி. ஒரு பையன் ஒரு பக்கம் முழுக்க யானையால் வரும் நஷ்டத்தை எழுதினான். அவன் மாமா வீட்டு வாழையைப் போன மாதம்தான் யானை தின்றிருந்தது. அவனை எப்படிக் குறை சொல்வது? எழுதியது எல்லாம் உண்மை. கேட்டதற்கு விடை மட்டும் அதில் இல்லை.

இதற்கு நடுவில் கோடு போட்ட தாள். இடப் பக்கம் 'தாளில் இருப்பது', வலப் பக்கம் 'எனக்குத் தெரிந்தது'. வலப் பக்கத்தை முதலில் நிரப்பவிடுங்கள். மனதில் உள்ளதை இறக்கி வைத்த பிறகுதான் தாளில் உள்ளது கண்ணுக்குத் தெரிகிறது. வலப் பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கட்டுரையோடு வாதம் செய்யும் நாளில் தேவைப்படும்.

அறிகுறி 3: இருப்பதையே திருப்பி எழுதுவது, ஊகமே வராதது

முந்தையதற்கு நேர் எதிர். பயந்த பிள்ளைகளுக்கு வருவது. "பத்தில அப்படித்தானே டீச்சர் போட்டிருக்கு" என்பார்கள்.

*முதல் காரணம்: சின்னச் சொற்களைத் தாண்டிப் போவது.* தமிழில் பாதிச் செய்தி இடைச்சொல்லில் இருக்கிறது. தேயிலை ஏலம் எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம் என்பதால் இதைத்தான் பலகையில் எழுதுவேன்:

குன்னூர் ஏலத்தில் விலை ஏறவில்லை.
குன்னூர் ஏலத்தில் கூட விலை ஏறவில்லை.
குன்னூர் ஏலத்தில் மட்டும் விலை ஏறவில்லை.
குன்னூர் ஏலத்தில் இன்னும் விலை ஏறவில்லை.
குன்னூர் ஏலத்தில் விலை ஏறவில்லையாம்.

நடந்தது ஐந்திலும் ஒன்றுதான். 'கூட' என்றால் மற்ற இடத்திலும் ஏறவில்லை, இங்கேயாவது ஏறும் என்று எதிர்பார்த்தார்கள். 'மட்டும்' என்றால் மற்ற இடத்தில் ஏறிவிட்டது. 'இன்னும்' என்றால் எழுதுகிறவர் ஏறும் என்று நம்புகிறார். 'ஆம்' என்றால் அவர் நேரில் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறார். பொறுப்பு அவருடையது இல்லை. பச்சைத் தேயிலை பறித்துக் கொடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஐந்தும் ஐந்து விதமான சாயங்காலம் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

சோதனை: சந்தேகமான வாக்கியத்தில் அந்தச் சின்னச் சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள். எது காணாமல் போனதோ அதுதான் ஊகம். அதை முழு வாக்கியமாக எழுதினால் விடை.

*அடுத்த காரணம்: இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துப் பார்க்காதது.* "மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கிறது" என்று ஓரிடத்தில், "பேருந்து அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும்" என்று மூன்று வரி தள்ளி. அப்படியானால் ரயிலில் போகிறவர் எதற்காகப் போகிறார்? இரண்டுக்கும் நடுவே 'அப்படியிருந்தும்' அல்லது 'அதனால்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது பொருந்துகிறதோ அது வழி காட்டும்.

அறிகுறி 4: "யார் செஞ்சாங்கன்னு கட்டுரையில இல்லையே"

இல்லைதான். ஏன் இல்லை என்பதே சில சமயம் கேள்வி. ஒரு வாக்கியத்தை மட்டும் நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

"தரிசாகக் கிடந்த புல்வெளிகளில் சீகை மரங்கள் நடப்பட்டு மலை பசுமையாக்கப்பட்டது."

*முதலில் '-பட்டது', '-பட்டு' ஆகியவற்றுக்கு வட்டம்.* 'நடப்பட்டு': நட்டது யார்? 'பசுமையாக்கப்பட்டது': ஆக்கியது யார்? செய்வினையாக மாற்றி, எழுவாய் இடத்தில் கோடிட்ட இடம் விடுங்கள். "______ சீகை மரங்களை நட்டார்கள்." அந்த இடத்தைப் பத்தியின் வேறு வரி நிரப்பினால் பிரச்சினை இல்லை. எந்த வரியும் நிரப்பவில்லை என்றால், 'செய்தவர் பெயரைக் கட்டுரை சொல்லவில்லை' என்பதையே விடையாக எழுதலாம். எழுதியவர் மறைத்தார் என்று மட்டும் எழுதக் கூடாது. மறந்திருக்கலாம்.

*அப்புறம் பெயரடைகள்.* 'தரிசாக'. யாருக்குத் தரிசு? விதைக்க நினைத்தவருக்கும் விறகு வேண்டியவருக்கும். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது. சோலைக்காட்டைச் சுற்றிப் புல்வெளி இருப்பதுதான் இந்த மலையின் இயல்பு. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு மெல்ல விடுவதில் சோலைக்கும் புல்லுக்கும் சேர்ந்தே பங்கு. 'கிடந்த' இன்னும் நுட்பமானது. இருந்த நிலம் வேறு, கிடந்த நிலம் வேறு. கிடப்பதை யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சொல்லே அனுமதி கொடுத்துவிடுகிறது. 'பசுமையாக்க' என்றால் அதற்கு முன் பச்சை இல்லை என்று ஆகிறது. புல் என்ன நிறம் என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும்.

*மாற்றி எழுதிப் பாருங்கள்:* "சோலைகளைச் சூழ்ந்திருந்த புல்வெளிகளில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரங்களை நட்டார்கள், நட்ட இடத்தில் புல் மறைந்தது." நிகழ்ச்சி அதேதான், சாய்வு வேறு. என் வாக்கியத்திலும் சாய்வு இருக்கிறது, கவனியுங்கள்: 'மறைந்தது' என்பது வருத்தப்படுகிற சொல். சாய்வே இல்லாத வாக்கியத்தை நான் இன்னும் எழுதவில்லை.

செய்தித்தாளில் இதற்குத் தினம் ஒரு பயிற்சி கிடைக்கும். 'ஊருக்குள் புகுந்த காட்டெருமை' என்று தலைப்பு இருந்தால், அதே படத்துக்கு 'தேயிலைத் தோட்டத்தில் நின்ற காட்டுமாடு' என்று வேறு தலைப்புப் போடச் சொல்லுங்கள். 'புகுந்த' என்ற ஒரு சொல் குற்றப்பத்திரிகை மாதிரி வேலை செய்வது அப்போது தெரியும்.

ஓர் எச்சரிக்கை. இதைச் சொல்லிக்கொடுத்த வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் சதி தெரியும். 'தேர்வு ஒத்திவைக்கப்பட்டது' என்பதற்குக்கூட "யார் ஒத்திவெச்சாங்க, ஏன் மறைக்கறாங்க?" என்று வந்து நிற்பார்கள். செய்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும் இடத்தில் செயப்பாட்டு வினை வெறும் சுருக்கம். ஒரு வாரத்தில் தணிந்துவிடும்.

*எப்போது என்னை விட்டு வேறு ஆளிடம் போக வேண்டும்:* தாள் பத்திரமாகவோ, கடன் ஒப்பந்தமாகவோ, நில நோட்டீஸாகவோ இருந்தால். 'உரிமை விட்டுக்கொடுக்கப்படுகிறது' என்ற வரியில் யார், யாருக்கு, எதை என்று மூன்று வட்டம் போட்டுத் தருவேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். கையெழுத்துப் போடலாமா என்பது வக்கீல் சொல்ல வேண்டியது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்ட உதவி கிடைக்கும். வாசிப்பு நன்றாக வரும் என்ற தைரியத்தில் பத்திரத்துக்குப் பொருள் சொல்லும் டீச்சர் ஆபத்தானவர்.

அறிகுறி 5: எண்ணைக் கண்டதும் நம்பிவிடுவது

*'வரை', 'சுமார்', 'குறைந்தது', 'சராசரி' இவற்றைப் பாருங்கள்.* 'கிலோவுக்கு 25 ரூபாய் வரை' என்றால் 25 என்பது உச்சம். 12-ம் அதற்குள் அடங்கும். அம்மாக்களுக்கு இது உடனே புரியும். புடவைக் கடையில் '50 சதவீதம் வரை தள்ளுபடி' பார்த்தவர்கள்.

'மாவட்டத்தின் சராசரி மழை' என்று வந்தால், எந்த ஊர், எந்த மாதம் என்று கேளுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே மாவட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். இரண்டையும் கலந்து எடுத்த சராசரியில் எங்கள் ஊரும் இல்லை, அவலாஞ்சியும் இல்லை.

*சாதாரணச் சொல் மாதிரி வரும் துறைச் சொல்.* "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது." இதில் 'ஓரிரு இடங்கள்' ஒன்றோ இரண்டோ அல்ல, மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை. 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை. அதற்கு மேல் 204.4 வரை 'மிகக் கனமழை'. 'வாய்ப்புள்ளது' என்றால் பெய்யும் என்று உறுதியில்லை. ஆகவே மறுநாள் நம் தெருவில் வெயில் அடித்தால் அறிவிப்புப் பொய் என்று ஆகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே அமைப்பின் மூன்று அறிவிப்புகளை அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரே சொல் அதே இடத்தில் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது துறைச் சொல். அகராதியில் பார்க்காதீர்கள், அந்தத் துறையின் விளக்கத்தில் பாருங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளும் இதே வகைதான். அதற்கு டாக்டர்.

அறிகுறி 6: இரண்டு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவது

*முதலில்: இரண்டும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றனவா?* 'நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், 2006, 2018-இல் பூத்தது' என்கிறது ஒன்று. நடுவில் வேறோர் ஆண்டில் 'குறிஞ்சி பூத்தது' என்கிறது இன்னொன்று. சண்டை வேண்டாம். குறிஞ்சியில் பல இனம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. 'நீல' என்ற அடை இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

*அடுத்து: வினைச்சொல் யார் பக்கத்திலிருந்து பேசுகிறது?* "1819-இல் ஜான் சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார்." இதைப் படித்த ஒரு படுகர் வீட்டுப் பெண், "அப்ப நாங்க எங்க இருந்தோம் டீச்சர்?" என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் எடுக்கவில்லை. சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். அவர் வந்தபோது தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லாரும் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பியர் என்று பார்த்தாலும் 1603-லேயே மலபாரிலிருந்து ஓர் இயேசு சபைப் பாதிரியார் மேலே வந்து தோடர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 'கண்டுபிடித்தார்' என்பதை 'வந்து பார்த்தார்' என்று மாற்றினால் இன்னொரு கட்டுரையோடு இருந்த முரண் மறைகிறது. மறையாவிட்டால்தான் உண்மையான முரண். அதற்கு எது முதலில் எழுதப்பட்டது, யார் நேரில் இருந்தவர் என்று தேட வேண்டும். நூலகருக்கு ஒரு மாதம் தொந்தரவு கொடுக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி 7: மேலே உள்ள எதுவும் வேலை செய்யவில்லை

வரி தாண்டிப் போகிறது, ஒரே வரியை இரண்டு முறை படிக்கிறது, பத்து நிமிடத்தில் தலைவலி என்கிறது. அப்போது மொழியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்.

தாளை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது? பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து எழுதுகிறதா? அப்படியானால் முதலில் கண் பரிசோதனை. 'ஊகமே வராது' என்று நான் இரண்டு மாதம் திட்டிய ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி போட்ட பிறகு 'கூட'வும் 'மட்டும்'உம் தெரிந்தன. அதுவரை அவள் பெரிய சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை உத்தேசமாக ஓட்டியிருக்கிறாள்.

கண் சரி, வாசித்துக் காட்டினால் சரியாக ஊகிக்கிறது, தானே வாசித்தால் மட்டும் எழுத்து இடம் மாறுகிறது என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். இதை நாம் பெயர் சூட்டி வீட்டில் சொல்லக் கூடாது. பள்ளி மூலமாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் பத்தியை இன்னொருவர் வாசித்துக் காட்டட்டும். விரல் சோதனையில் விரல் வைக்கிற வேலையை அதற்கே கொடுங்கள்.